கடலோர ஸ்டோர் ரூமில் எஞ்சின் உதிரிபாகம் துருப்பிடித்தால்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், எஞ்சின்கள் பிரிந்து கிடக்கும். நாகப்பட்டினத்தில் எங்கள் பட்டறைக்கு வருஷத்தின் பெரிய வேலை முழுக்க அந்த இரண்டு மாதத்தில்தான். கடைசி வாரத்தில் ஒரு லைனர், அதாவது பிஸ்டன் ஓடுகிற உருளை உறை, கிடைக்கவில்லை என்றால், தடை முடிந்த அன்று ஊர்ப் படகெல்லாம் கிளம்பும்போது அந்த ஒரு படகு மட்டும் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் ஆளாளுக்கு ஒரு கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு), ஒரு செட் லைனர்-பிஸ்டன், நாலைந்து நாசில் (டீசல் தெளிக்கும் முனை) என்று முன்கூட்டியே வாங்கி, வீட்டிலோ கொட்டகையிலோ போட்டு வைக்கிறார்கள்.

எடுப்பது இரண்டு வருஷம் கழித்து, சில சமயம் ஐந்து வருஷம் கழித்து. "புதுசுதான் தம்பி, கட்டையே பிரிக்கலை" என்று சொல்லிக்கொண்டே படகுக்காரர் சாக்கைப் பிரிப்பார். உள்ளே கிராங்க் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழல்கிற பாலிஷ் பரப்பு, முழுக்கச் சிறுத்தைப் புள்ளி.

நன்றாக எண்ணெய் பூசித்தான் வைத்தேன் என்று எல்லோருமே சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான். எண்ணெய்க்கு அடியில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. உப்பும் ஈரமும் இருக்கும்போது மேலே எண்ணெய் பூசினால், அவற்றைப் பத்திரமாக மூடி வைத்தது போலத்தான் ஆகும். அது எந்த உப்பு, எந்த ஈரம் என்பதைத் துருவின் வடிவமே காட்டிக்கொடுக்கும். அதனால் இங்கே அறிகுறி வாரியாகவே போகிறேன்.

## முதலில் துடைக்காதீர்கள்

துருவைக் கண்டதும் கை தானாகப் பனியன் வேஸ்டைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்து, மொபைலில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கமா, தரையைத் தொட்ட அடிப்பக்கமா? பரவலாக இருக்கிறதா, புள்ளியா, கோடா? அந்த ஒரு பாகம் மட்டும்தானா, அலமாரியில் பக்கத்தில் இருந்ததுமா? துடைத்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. அடுத்த பாகமும் அதே மாதிரி கெடும்.

அப்புறம் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் போனபின் நகத்தைக் குறுக்கே இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் துரு மேலோட்டம். நகம் எங்காவது தட்டினால் குழி விழுந்துவிட்டது. இனி அது சுத்தம் செய்கிற வேலை இல்லை, அளந்து பார்த்து முடிவு செய்கிற வேலை.

## பாகம் முழுக்க மெல்லிய செம்மண் நிறப் படலம், நகம் தட்டவில்லை

எண்ணெயே இல்லாமலோ, எண்ணெய் வடிந்தபிறகோ காற்றுப் பட்டிருக்கிறது. எஞ்சின் ஆயில் நிற்கிற பரப்பில் தங்காது. லைனரை நிமிர்த்தி வைத்துச் சாதா ஆயிலைத் தடவிவிட்டு, ஒரு மாதம் கழித்து அடியில் பாருங்கள், ஆயில் எல்லாம் கீழே குளமாக நிற்கும். மேலே வெறும் இரும்பு.

சரிசெய்வது எளிது. மிக மெல்லிய ஸ்டீல் வூலை, அதாவது நாலு சைபர் நம்பரை, எண்ணெயில் நனைத்துக் கை அழுத்தம் கொடுக்காமல் தேய்த்தாலே போகும். ஜர்னல், கேம் லோப், டேப்பட் முகம் போன்று உரசி ஓடுகிற பாலிஷ் பரப்புகளின்மேல் உப்புத்தாள் போடவே கூடாது. துருவைவிட உப்புத்தாள் கோடுதான் பேரிங்கை வேகமாகத் தின்னும்.

திரும்ப வைக்கும்போது துரு தடுப்பு எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று வகை பழக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் மாதிரி மெல்லியது சில மாதத்துக்கு. அடுத்த தடைக்காலம்வரை அதை நம்ப முடியாது. காய்ந்தபின் மெழுகுப் படலமாக நிற்பது, மூடிய அறையில் ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும். மூன்றாவது, கிரீஸ் மாதிரி கெட்டியானது; கிராங்க் போன்ற பெரிய பாகங்களுக்கு ஏற்றது, எடுக்கும்போது கழுவுவதுதான் தொல்லை. இறுகிய நட்டைக் கழற்ற அடிக்கிற ஸ்ப்ரேயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஈரத்தைத் தள்ளிவிடும், ஆனால் நின்று காவல் காக்காது.

## விரல் பட்ட இடத்தில் மட்டும் துரு, சில இடத்தில் ரேகையே தெரிகிறது

இதற்கு விளக்கமே வேண்டாம், யார் எடுத்து வைத்தார் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம். வியர்வையில் உப்பு இருக்கிறது. மே மாதம் தகரக்கொட்டகையில் வேலை செய்கிறவர் கை எப்படி இருக்கும்?

ஆனால் இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உப்பு எண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயில், டீசலில், டர்பன்டைனில் எதிலுமே கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் டீசலில் கழுவிவிட்டேன் என்பதில் கிரீஸ் போயிருக்கும், உப்பு அங்கேயே இருக்கும். படகு டீசல் டிரம்மிலிருந்து எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம், அடியில் கடல் தண்ணீரும் சேர்ந்தே வந்திருக்கும்.

இரும்புப் பாகத்தைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "அண்ணே, தண்ணி பட்டாத்தானே துரு?" நியாயமான கேள்விதான். தண்ணீர் பட்டு நிற்பதுதான் ஆபத்து. முதலில் டர்பன்டைனில் கிரீஸை எடுங்கள். பிறகு சோப்புக் கலந்த சுடுநீர், அதன்பின் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல். எங்கள் ஊரில் போர்த் தண்ணீரே கரிக்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற கேன் தண்ணீர். உடனே துடைத்து, வெயிலில் கை பொறுக்கும் சூடு வரும்வரை வைத்து, அந்தச் சூட்டோடு எண்ணெய் பூசுங்கள். சூடான உலோகத்தில் எண்ணெய் இளகிச் சந்து பொந்தெல்லாம் பரவும். கழுவிய நிமிஷத்திலிருந்து எண்ணெய் பூசும்வரை வெறுங்கை படக்கூடாது, ரப்பர் கையுறை போதும்.

உலர்த்தக் கம்ப்ரசர் காற்று அடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டேங்க் அடியில் உள்ள வடிகுழாயை எத்தனை நாளுக்கு ஒரு முறை திறக்கிறீர்கள்? ஒரு வாரம் திறக்காத டேங்கிலிருந்து வருகிற காற்றை வெள்ளைத்தாளில் அடித்துப் பாருங்கள். தாள் நனையும், சிலசமயம் காப்பி நிறத் துளியும் விழும். அதைத்தான் கழுவிய பாகத்தின் எண்ணெய்த் துளைக்குள் அடிக்கிறோம்.

## பாலித்தீன் கவருக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், அதன் கீழே புள்ளித் துரு

எங்கள் கரையில் நான் அதிகம் பார்ப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லோரும் சொல்வது: "மழைத் தண்ணி எங்கேயோ உள்ள போயிடுச்சு." பெரும்பாலும் அப்படி இல்லை. கவர் ஓட்டை இல்லாமலேதான் இருக்கும். தண்ணீர் உள்ளேயே பிறந்தது.

30 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசியில் நாகப்பட்டினத்தில் சாதாரணமாக வரக்கூடிய அளவு. அந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரியில் இருக்கிற எந்தப் பொருளைத் தொட்டாலும் பனித்துளி கட்டும். கிராங்க் கனமான பொருள். ராத்திரி முழுக்கச் சிமெண்ட் தரையில் குளிர்ந்து கிடக்கும், காலையில் சீக்கிரம் சூடேறாது. ஷட்டரைத் தூக்கியதும் கொண்டல் காற்று உள்ளே வரும். இரும்புக்கு வியர்க்கும். ஐஸ் மோர் டம்ளருக்கு வெளியே துளி கட்டுவது எப்படியோ அப்படி.

இதோடு உப்பும் சேர்கிறது. கடற்காற்றில் வருவது வெறும் சமையல் உப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் அதில் உண்டு. சுத்தமான சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து தண்ணீர் உறிஞ்சிக் கசியும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விடுவதற்கு அதில் ஒட்டியிருக்கிற இந்த ஆசாமியும் ஒரு காரணம். அதனால் உப்புத்தூசி படிந்த இரும்பு, எங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஒரு கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தோடுதான் இருக்கிறது. உள்நாட்டில் ஒருவர் எப்படி வைத்தாலும் தப்பிக்கும், இங்கே தப்பாது.

இப்போது கவருக்கு வருவோம். 20 லிட்டர் பெயின்ட் வாளி அளவு காற்றை எடுத்துக்கொண்டால், 30 டிகிரியில் அது முழுக்க ஈரத்தால் நிறைந்திருந்தாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் 0.6 கிராம்தான். ஒரு சின்ன ஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் கவருக்குள் கூடவே போன அட்டை, செய்தித்தாள், சாக்கு, மரச்சட்டம் இவையெல்லாம் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். பகல் சூட்டில் அதைக் காற்றில் விடும், ராத்திரிக் குளிரில் அது இரும்பின்மேல் படியும். தினமும் இதே வேலை. பாலித்தீன் நல்லதுதான், உள்ளே எதை வைத்து மூடினோம் என்பதுதான் தகராறு.

செய்ய வேண்டியது இது. கட்டுகிற வேலையை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். சித்திரை வெயிலில், கடற்காற்று திரும்புவதற்கு முன்னால், காலை 10 மணிக்கு மேல் 12 மணிக்குள் கட்டுங்கள். பாகம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எண்ணெய் பூசிய பாகத்தைச் சுற்றி வி.சி.ஐ. தாள் (துரு தடுக்கும் மருந்து ஏற்றிய தாள்), அதன்மேல் தடித்த பாலித்தீன், வாய் இறுக்கமாக ஒட்டிவிட வேண்டும். வி.சி.ஐ. தாளில் இருக்கிற மருந்து மெல்ல ஆவியாகிக் கவருக்குள் நிறைந்து, இரும்பின்மேல் ஒரு படலமாகப் படியும். கவர் வாயைத் திறந்துவைத்தால் மருந்து அறைக்குள் போய்விடும், தாள் வெறும் தாளாகிவிடும். தாளுக்கும் பாகத்துக்கும் இடையே ஒரு அடிக்கு மேல் தூரம் இருந்தாலும் பிரயோஜனம் குறைவு. ஒட்டிச் சுற்றுங்கள்.

வாங்கும்போது இரும்புக்கு மட்டுமானதா, எல்லா உலோகத்துக்குமானதா என்று கேளுங்கள். இரும்புக்கென்றே செய்த சில வகை, பித்தளை, வெண்கலப் புஷ், ஷெல் பேரிங் (ஜர்னலைச் சுற்றி அமர்கிற அரைவட்டப் பேரிங்) மேல் கறை படுத்தும்.

மூடி இறுக்கமான டப்பாவில் சின்னப் பாகங்களை வைப்பதானால் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் ரகமாக வாங்குங்கள். நிறம் மாறிவிட்டால் அது குடித்து முடித்துவிட்டது. சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். சமையல் ஓவனில் வேண்டாம், சில ரகத்தில் கோபால்ட் இருக்கிறது. டப்பா மூடியின் ஓரத்தை ஒட்டி மூடாமல் விட்டால், அந்தச் சின்னப் பொட்டலம் நாகப்பட்டினத்துக் காற்று முழுவதையும் உலர்த்தப் பார்க்கும், ஒரே வாரத்தில் தோற்றுப்போகும்.

அலமாரியே இருந்தால் இன்னொரு வழி. கதவு நன்றாக மூடுகிற இரும்பு பீரோ, கீழ்த்தட்டில் ஒரு குண்டு பல்பு, பழைய மஞ்சள் பல்பு. எல்.இ.டி. இந்த வேலைக்கு ஆகாது, அதில் சூடு மிகக் குறைவு. 30 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை 35 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 5 டிகிரிதான் வித்தியாசம். அதைவிட முக்கியமாக, உள்ளே இருக்கிற இரும்பு எப்போதும் வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் வியர்க்க வழியே இல்லை. பல்புக்குக் கம்பிக்கூண்டு போடுங்கள். டர்பன்டைன், பெட்ரோல், எண்ணெய்த் துணி எதையும் அந்த பீரோவில் வைக்காதீர்கள்.

ஏ.சி. அறையில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஏ.சி. இரவும் பகலும் ஓடினால் நல்லதுதான். ஆனால் 24 டிகிரியிலிருந்து எடுத்து வெளியே கொண்டுவந்து கவரைப் பிரித்த நொடியே பாகம் முழுக்க வியர்க்கும். கவரோடு வெளியே வைத்து, மூன்று நாலு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்.

## அறையில் இருந்ததெல்லாம் ஒரே சமயத்தில் துருப்பிடித்துவிட்டது

எண்ணெயைத் திட்ட வேண்டாம். அறைக்குள் எதுவோ மூச்சு விடுகிறது.

இது என் சொந்தத் தப்பு. ஒரு வருஷம் ஸ்டோர் ரூமில் ஸ்பேனர், அலமாரி கீல், கிரீஸ் பூசாத போல்ட், எல்லாமே பத்து நாளில் செம்பழுப்பு. மழைகூடக் கிடையாது. கூரையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. கழிவறை சுத்தம் செய்ய வாங்கிய ஆசிட் பாட்டில், பக்கத்தில் வாய் கட்டாத பிளீச்சிங் பவுடர் பை. ஆசிட் பாட்டில் மூடி நேராக மூடியிருந்தது போலத்தான் இருந்தது. அதன் புகை போதும். அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கலந்திருந்தால் விஷவாயு, துருவெல்லாம் அப்புறம்.

சுத்தம் செய்யும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், சார்ஜில் போட்ட பேட்டரி, பூச்சிக்கொல்லி, உரம், உப்பு மூட்டை, கருவாடு, இவற்றில் எது இருந்தாலும் வெளியே. எங்கள் பக்கம் கருவாட்டை ஸ்டோர் ரூமில் வைப்பது சகஜம். வைத்தவரிடம் சொன்னால் கோபமும் வரும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளியே எடுத்தபிறகு எல்லாப் பாகத்தையும் மேலே சொன்ன மாதிரி தண்ணீரில் அலசிப் புதிதாகப் பூச வேண்டும். இருந்த எண்ணெய்மேல் இன்னும் கொஞ்சம் பூசினால் போதாது, அந்த எண்ணெய்க்குள்ளேயே குளோரைடு ஏறியிருக்கும்.

## கெட்டியாகப் பூசிய இடத்திலேயே கருப்புக் கறை

பூசியது பழைய எஞ்சின் ஆயிலா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். வடித்த ஆயிலை வீணாக்காமல் உதிரிபாகத்துக்குப் பூசுவது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம். ஆனால் அந்த ஆயில் எஞ்சினுக்குள் எரிந்த புகையைக் குடித்திருக்கிறது. அமிலம், கரி, தண்ணீர் மூன்றும் அதில் உண்டு. இரும்பு கேட்டுக்குப் பூசலாம். பாலிஷ் ஜர்னலுக்கு அது மெல்லக் கொல்லும் மருந்து.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம். நாள்பட்டால் ஒன்று பிசினாகும், இல்லை காறும்.

கிரீஸ் பூசியும் கறை வந்தால், வெறுங்கையால் அப்பியிருப்பார்கள்: உள்ளே காற்றுக் குமிழியும் வியர்வையும். முதலில் மெல்லிய எண்ணெய், பிறகு பிரஷ்ஷால் கிரீஸ். போல்ட், புஷ்ராட், வால்வு போன்ற சின்னப் பாகங்களுக்கு நான் பெட்ரோலியம் ஜெல்லியை உருக்கி முக்கி எடுப்பேன். நேரடி நெருப்பில் இல்லை, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்து உருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கோடையில் அது கொஞ்சம் இளகும், அதனால் முக்கியபின் மெழுகுத்தாளில் சுற்றிவிடுவது வழக்கம்.

## கோடு கோடாக, கட்டம் கட்டமாகத் துரு

சாக்கின் நெசவு, அட்டைப்பெட்டியின் வரி, செய்தித்தாளின் மடிப்பு, எது தொட்டதோ அதன் அச்சு அப்படியே விழுந்திருக்கும். இவை எண்ணெயை உறிஞ்சி ஈரத்தைக் கொடுக்கும். சாக்கு ஏற்கெனவே உப்பு மூட்டையாகவோ உர மூட்டையாகவோ இருந்திருந்தால் வேறு சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி அட்டைப்பெட்டி போகட்டும், அதன் உள்ளே இருக்கிற எண்ணெய்த்தாளையும் கவரையும் மட்டும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளிப்பெட்டிக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஷெல் பேரிங்கை மரப்பெட்டியில் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் சில சமயம் சாம்பல் நிற முகத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துரு இல்லை அது. மரம் விடுகிற வினிகர் ஆவி, பேரிங் முகத்தில் இருக்கிற ஈயத்தைத் தின்றிருக்கிறது. துடைத்துவிட்டுப் போடலாமா என்றால், போடக்கூடாது. அந்த மேல்பூச்சு மனிதத் தலைமுடியைவிட மெல்லியது, அதில் குழி விழுந்தால் மிச்சம் எதுவும் இல்லை.

## லைனருக்குள் ஒரு வளையக் கோடு

பிஸ்டனையும் ரிங்கையும் லைனருக்குள் மாட்டியே வைத்திருக்கிறார்கள். ரிங் தொட்ட இடத்தில் எண்ணெய் விலகி ஈரம் நின்றிருக்கிறது. தனித்தனியாகக் கழற்றி வையுங்கள். லைனரைப் படுக்கப் போடாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள்.

நகம் தட்டாத கோடு என்றால் ஹோனிங்கில், அதாவது உள்சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பதில், போகும். தட்டினால், கோடு இருக்கும் உயரத்தைப் பாருங்கள். ரிங் ஓடுகிற பாதைக்குள் என்றால் லைனர் போச்சு.

முழு எஞ்சினையே உதிரியாக வைத்திருப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கடல் தண்ணீர் ஓடிய வழியெல்லாம் நல்ல தண்ணீரில் அலசி வடித்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு தடுப்பு எண்ணெயைத் தெளித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இன்லெட்டையும் சைலன்சர் வாயையும் அடைக்க வேண்டும். அப்புறம் மாதாமாதம் சுற்றிவைக்கிறேன் என்று வெறுமனே கம்பி போட்டுத் திருப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் ரிங் அந்த எண்ணெயை வழித்துவிடும். திருப்புவதானால் திரும்பத் தெளித்துவிட்டுத் திருப்புங்கள்.

## கிராங்க் ஜர்னலில் குழி

மைக்ரோமீட்டரை எடுங்கள். குழி மெல்லியது என்றால் கிரைண்டிங்கில் ஜர்னலின் விட்டத்தை 0.25 மி.மீ. இறக்கி, அதற்கேற்ற அண்டர்சைஸ் (உள்விட்டம் குறைந்த) பேரிங் போடலாம். போதாவிட்டால் 0.50. கிரைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன், அந்த கிராங்க் நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்குவது) செய்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கடினத் தோல் மிக மெல்லியது, இறக்கினால் திரும்ப நைட்ரைடிங் செய்தாக வேண்டியிருக்கும்.

ஜர்னலும் வெப்பும் (ஜர்னல்களை இணைக்கிற பக்கக் கையும்) சேருகிற வளைவில் குழி இருந்தால் நான் கை வைக்க மாட்டேன். சுமை முழுக்க அந்த வளைவில்தான் விழுகிறது, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். காந்த முறையில் விரிசல் பார்க்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

## காப்பாற்ற முயலவே வேண்டாதவை

பால் பேரிங், ரோலர் பேரிங்: பந்திலோ பாதையிலோ ஒரே ஒரு புள்ளி துரு என்றாலும் தூக்கிப் போடுங்கள். துருவே இல்லாமல், பாதையில் சம இடைவெளியில் மங்கலான பள்ளம் தெரிந்தால் அது வேறு விஷயம். ஜெனரேட்டர் பக்கத்தில் அதிர்ந்துகொண்டே கிடந்திருக்கிறது. அதுவும் உதவாது. புது பேரிங்கைக் கம்பெனிக் கட்டைப் பிரித்து, "நல்லா கிரீஸ் போட்டு வெப்போம்" என்று கெடுப்பவர்கள்தான் அதிகம்.

வால்வு ஸ்பிரிங்கில் குழி விழுந்தால் அதுவும் குப்பைக்குத்தான். அந்தக் குழியிலிருந்துதான் உடையும், உடைந்தால் வால்வு பிஸ்டன்மேல் விழும். ஸ்பிரிங் காசைப் பார்த்து சிலிண்டர் ஹெட்டை இழக்க வேண்டாம்.

பிராக்கெட், புல்லி, போல்ட், கவர் போன்ற முரட்டுப் பாகங்களுக்கு எலுமிச்சை உப்பு நல்லது. லிட்டருக்கு 50 கிராம், சில மணி நேரம், எடுத்துச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய். பாலிஷ் பரப்பு, ஸ்பிரிங், பேரிங், அலுமினியம் எதையும் அதில் போடாதீர்கள். அமிலம் துருவோடு நிற்காது.

## அலுமினியத்தில் வெள்ளைப் பூ

பிஸ்டன், பம்ப் ஹவுசிங், கவர்களில் வரும். உப்பு ஈரம்தான் காரணம். கூடவே இரும்பு போல்ட்டை அதிலேயே திருகி வைத்திருந்தால் அந்தத் துளையைச் சுற்றித்தான் அதிகம். போல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். நைலான் பிரஷ், சோப்புத் தண்ணீர், அலசல், எண்ணெய். சோடாவும் காரமான டிகிரீசரும் அலுமினியத்தைக் கரைக்கும், தொடாதீர்கள். பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்குள் பூத்திருந்தால் புது ரிங்கை உள்ளே உருட்டிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது.

## நாசில் ஊசி நகரவில்லை

வெளியே பளபளவென்று இருக்கும், ஊசி மட்டும் இறுகியிருக்கும். துருவாகவும் இருக்கலாம், காய்ந்த டீசல் பிசினாகவும் இருக்கலாம். சுத்தமான டீசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து விரலால் இழுத்துப் பாருங்கள். பிளையர் போட்டால் கதை முடிந்தது. வெளியே வந்தால் இரண்டையும் கழுவி, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, நாசிலை நிமிர்த்திப் பிடித்து விடுங்கள். தன் எடையிலேயே சரசரவென்று இறங்க வேண்டும். பாதியில் நின்றாலோ, திருப்பிப் பிடிக்கும் பக்கத்துக்கு ஒரு மாதிரி இறங்கினாலோ பயன்படாது. ஒரு நாசிலின் ஊசியை இன்னொன்றில் போட்டுவிடாதீர்கள், அவை ஜோடியாகவே தேய்த்துச் செய்தவை. திரும்ப வைப்பதானால் டீசலில் வேண்டாம், பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சுக்கு ஊற்றுகிற காலிப்ரேஷன் ஆயிலில் வையுங்கள்.

## எடுத்து மாட்டும் அன்று

பூசியதை எடுக்காமல் மாட்டுவது இன்னொரு வகை விபத்து. கிராங்க்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் மெழுகோ கெட்டி கிரீஸோ அடைத்திருக்கும். எஞ்சின் ஓடினால் தானாகக் கரையும் என்று விடாதீர்கள். கரைவதற்குள் பேரிங் உருகிவிடும். டர்பன்டைன் ஊற்றி, துளைக்குள் நீளப் பிரஷ்ஷை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்து, டேங்கை வடித்த கம்ப்ரசரால் ஊதி, மறுபக்கம் பிடித்த வெள்ளைத்துணி வெள்ளையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அசெம்பிளி ஆயில்.

கூடவே கட்டி வைத்திருந்த ஆயில் சீலையும் ஓ-ரிங்கையும் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிது வாங்குங்கள். பாகம் துருவில்லாமல் வந்திருக்கலாம், ரப்பருக்கு வயசாகியிருக்கும்.

ஒவ்வொரு கட்டின்மேலும் நான் ஒரு அட்டை கட்டுவேன். பாகம், அளவு, பூசிய எண்ணெய், கட்டிய தேதி, கட்டியவர் பெயர். பேனா எழுத்து எண்ணெயில் அழிந்துவிடும், பென்சிலில் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில், பத்துக் கட்டில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். அதில் ஒரு புள்ளி தெரிந்தால் மற்ற ஒன்பதையும் பிரிக்க வேண்டியதுதான். பையன்கள் முனகுவார்கள். போன வருஷம் பிரித்ததில் ஒரு கேம் ஷாஃப்டில் கட்டைவிரல் ரேகை இருந்தது. அட்டையைப் பார்த்தோம், கட்டியவர் பெயர் இருந்த இடத்தில் என் கையெழுத்து.